மீட்பர் வந்த சனிக்கிழமை: நியூகாசில் ரசிகர்களின் நினைவேக்கமும் மேலாளர் என்னும் நம்பிக்கையும்

1. கேள்வி

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கிளப் கடைசியாக லீக் பட்டம் வென்றது 1926-27 சீசனில். 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 1969இல் ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியப் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு 2025 மார்ச் வரை பெரிய கோப்பை எதுவும் அந்தக் கிளப்பின் அலமாரிக்கு வந்து சேரவில்லை. இந்த நெடிய வறட்சிக்குள் எத்தனையோ மேலாளர்கள் வந்து போனார்கள். அவர்களில் கெவின் கீகன் என்ற பெயரைச் சொன்னால் மட்டும் நடுவயது கடந்த ரசிகரின் குரல் மாறுகிறது. 1992 பிப்ரவரியில் வந்து 1997 ஜனவரியில் போன கீகன், மேலாளராக அங்கே வென்ற ஒரே பட்டம் இரண்டாம் அடுக்கு லீக்கின் சாம்பியன் பட்டம்தான்.

பெரிய கோப்பை ஒன்றுகூட வாங்கித் தராதவர்மீது ஒரு நகரமே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏங்கிக்கொண்டிருப்பது ஏன்? ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்ற பொதுவான முதுமைப் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்கினால் நினைவு எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கழித்துவிடுகிறது, அந்தக் கழிவினால் யாருக்கு லாபம் என்ற கேள்விகள் விடுபட்டுப்போகும். நொடித்துப்போன ஒரு கிளப்பைப் புதிய மேலாளர் ஒருவர் தூக்கி நிறுத்தினார் என்ற கதை கால்பந்து உலகெங்கும் உண்டு. அதை ஆராய்வதற்கு நியூகாசிலைவிட வசதியான இடம் இல்லை. அதே மனிதர் அங்கே இரண்டாவது முறையும் அழைத்து வரப்பட்டார் என்பதே காரணம்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் ஏங்குவது, முடிவு என்னவாகும் என்று தெரியாமலேயே எல்லாம் நடக்கலாம் என்று தோன்றிய ஒரு குறுகிய காலத்துக்காக. அந்தக் காலத்தை நினைக்கும்போது பணம் கதையைவிட்டு வெளியேறிவிடுகிறது. பணம் வெளியேறிய கதையைத்தான் பின்னால் வரும் முதலாளிகள் மலிவாக வாங்கி ரசிகர்களுக்கே விற்கிறார்கள்.

2. மேலாளர் மாற்றம்: எண்கள் சொல்வது

ரசிகர் நம்பிக்கைக்கு எதிரான ஆய்வுகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குவிந்திருக்கின்றன. டச்சு லீக்கை ஆராய்ந்த புருயின்ஸ்ஹூஃப்ட், டெர் வீல் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரை அவற்றில் முக்கியமானது. தொடர்ந்து தோற்கும் அணி மேலாளரை நீக்குகிறது, அதற்குப் பிறகு ஆட்டம் தேறுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே அளவு சரிந்தும் மேலாளரை நீக்காமல் பொறுத்துக்கொண்ட அணிகளையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவையும் அதே போலத் தேறியிருந்தன. மோசமான ஓட்டத்தில் கெட்ட நேரத்தின் பங்கும் உண்டு. கெட்ட நேரம் விலகும்போது அணி தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும் வேளையில் யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குப் புகழ் போய்ச்சேர்கிறது.

இங்கிலாந்து லீக்குகளை ஆராய்ந்த ஆடாஸ், டாப்சன், காடர்ட் ஆகியோர் 2002இல் சொன்னது இன்னும் கடுமையானது. சீசன் நடுவில் மேலாளரை மாற்றிய அணிகள் சராசரியாக அதற்குப் பிறகு மோசமாகவே ஆடின. ஆனால் அவர்கள் கவனித்த இன்னொன்றைப் பலரும் மேற்கோள் காட்டுவதில்லை. மாற்றத்துக்குப் பின் முடிவுகளின் ஏற்ற இறக்கம் கூடியது. மூழ்கிக்கொண்டிருக்கும் கிளப்புக்குச் சராசரியைப் பற்றி என்ன கவலை? சூதாடத்தான் வேண்டும் என்ற நிலையில் ஏற்ற இறக்கம் கூடுவது லாபம்தான். ஆகவே மேலாளரை மாற்றுவது மூடத்தனம் என்று இந்த ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் 2009இல் எழுதிய புத்தகம் வேறு திசையிலிருந்து வந்தது. பத்தாண்டு கணக்கில் பார்த்தால், இங்கிலாந்துக் கிளப்புகள் லீக்கில் பிடிக்கும் இடங்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சம்பளமே விளக்கிவிடுகிறது என்றார்கள். மேல் அடுக்குக்கு ஏறும் கிளப் அதனாலேயே சம்பளத்தைக் கூட்டுகிறது என்பதால் காரணமும் விளைவும் இங்கே ஓரளவு கலந்துகிடக்கின்றன. அதைக் கழித்துப் பார்த்தாலும் மேலாளருக்கென்று மிஞ்சும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்திலும் தங்கள் சம்பளப் பட்டியலை மீறிச் சாதித்தவர்கள் உண்டு, பிரையன் கிளஃப் போல. 1975 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடத்தில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை எடுத்து 1978இல் லீக் பட்டமும், 1979, 1980இல் ஐரோப்பியக் கோப்பையும் வாங்கித் தந்தவரை எந்தச் சூத்திரத்திலும் அடைக்க முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான மீட்பர்களின் வருகை பெரும்பாலும் அழகாக இருந்ததில்லை. 1959 டிசம்பரில் லிவர்பூலுக்கு வந்த பில் ஷாங்க்லியின் முதல் ஆட்டத்தில் அணி சொந்த மைதானத்தில் கார்டிஃபிடம் 4-0 என்று தோற்றது. 1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட் முதல் ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 என்று தோற்றது. அவர் முதல் கோப்பையைத் தொட 1990 மே வரை ஆனது. இந்த முதல் ஆட்டங்களுக்காக யாரும் ஏங்குவதில்லை. ஷாங்க்லியின், ஃபெர்குசனின் நினைவு கோப்பைகள்மீது கட்டப்பட்டது. கீகனின் நினைவு வருகையின்மீது கட்டப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரிட்டு அழைப்பதால்தான் குழப்பம்.

3. 1992: பதிவேடும் நினைவும்

1992 பிப்ரவரி தொடக்கத்தில் நியூகாசில், இரண்டாம் டிவிஷனின் அடியில் கிடந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் கிளப்பின் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் அடுக்கு. மேலாளர் ஓஸி ஆர்டிலெஸ், 1978இல் அர்ஜெண்டினாவுடன் உலகக் கோப்பை வென்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் 5-2 என்று தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்று தொழிலதிபர் ஜான் ஹால் வெளிப்படையாகச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பிப்ரவரி 5 அன்று கீகன் வந்தார். ஆட்டத்தைவிட்டு எட்டு ஆண்டுகள் ஒதுங்கி ஸ்பெயினில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தவர். மேலாளராக ஒரு நாள் அனுபவமும் கிடையாது.

பிப்ரவரி 8, சனிக்கிழமை. பிரிஸ்டல் சிட்டி அணியுடன் சொந்த மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஆட்டம். அதற்கு முந்தைய வாரங்களில் பாதி காலியாகக் கிடந்த மைதானத்துக்கு அன்று 29,263 பேர் வந்தார்கள். டேவிட் கெல்லி இரண்டு கோல், லியாம் ஓபிரையன் ஒரு கோல், 3-0 வெற்றி. நினைவேக்கத்தின் புராணம் இங்கே தொடங்கி நேராக 1993 மே மாதத்துக்குத் தாவுகிறது. 1992-93 சீசனின் முதல் 11 லீக் ஆட்டங்களிலும் தொடர்ந்து வெற்றி, சாம்பியன் பட்டம், பிரீமியர் லீக்குக்கு ஏற்றம். கடைசி ஆட்டத்தில் லெஸ்டர் அணிக்கு எதிராக 7-1.

இடையில் என்ன நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டினால் கதை தடுமாறுகிறது. மார்ச் மாதம் ஸ்விண்டன் அணியை 3-1 என்று வென்ற அன்றே, வாக்களிக்கப்பட்ட பணம் வரவில்லை என்று கீகன் கிளம்பிப் போய்விட்டார். சமாதானம் பேசித் திரும்ப அழைத்து வந்தார்கள். மார்ச் 29 அன்று பரம எதிரியான சண்டர்லாந்தை வென்றார்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து ஐந்து தோல்விகள். அவற்றுள் ஒன்று வுல்வ்ஸிடம் 6-2. இன்னொன்று டெர்பியில் 4-1. அந்த ஆட்டத்தில் நியூகாசில் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு ரசிகரை நிறுத்தி ‘மீட்பர் வந்துவிட்டாரா’ என்று கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்காது. ஏப்ரல் 25 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் கெல்லி அடித்த கோல் மூச்சுவிட வைத்தது. மே 2 அன்று லெஸ்டரில் 2-1 என்று வென்று 24 அணிகளில் 20ஆம் இடத்தில் சீசனை முடித்தார்கள். கடைசிப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் அன்று தோற்றிருந்தாலும் தப்பியிருப்பார்கள் என்று தெரிகிறது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

ஐந்து தோல்விகள் எப்படி மறைந்தன? முடிவு தெரிந்த பிறகு நடுவில் வந்த பள்ளங்கள் ‘சோதனை’யாக மாறிவிடுகின்றன என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. இதே கிளப்பில் பதினோரு மாதங்கள் முன்னால் நடந்ததை ஒப்பிட வேண்டும். 1991 மார்ச்சில் ஆர்டிலெஸ் வந்தபோதும் இதே எதிர்பார்ப்பு, இதே தாக்குதல் ஆட்டம் பற்றிய பேச்சு, உலகக் கோப்பை வென்றவரே வருகிறார் என்ற பெருமை எல்லாம் இருந்தன. லீ கிளார்க், ஸ்டீவ் வாட்சன், ஸ்டீவ் ஹவி போன்ற உள்ளூர் இளைஞர்களை நம்பி அணியில் நிறுத்தியவர் ஆர்டிலெஸ். கீகன் காலத்து அணியில் அவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். ஆனால் 1991 மார்ச் மாதத்துக்காக ஏங்கும் நியூகாசில் ரசிகரை நான் எந்த எழுத்திலும் சந்தித்ததில்லை. தோற்றுப்போன நம்பிக்கை வரலாற்றிலிருந்தே கழிந்துவிடுகிறது. ஜெயித்த நம்பிக்கைதான் தனக்குப் பிறந்தநாள் குறித்துக்கொள்கிறது.

4. கதையிலிருந்து கழிந்த பணம்

கீகன் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பென்வெல் பகுதியில் இருந்த பயிற்சிக்கூடத்தைக் கழுவி வெள்ளையடிக்கச் சொன்னது. குளியலறையும் உடைமாற்றும் அறையும் காலை வைக்க முடியாத அழுக்கில் இருந்தன என்பதை அவரும் மற்றவர்களும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். புராணத்தில் இது புது மனிதரின் சுத்த உணர்வு. பொருளியலில் இது பல ஆண்டுகளாக யாரும் காசு போடாத ஒரு கிளப்பில் போடப்பட்ட முதல் காசு.

காசு ஜான் ஹாலுடையது. சுரங்கத் தொழிலாளியின் மகனான ஹால், டைன் ஆற்றின் மறுகரையில் கேட்ஸ்ஹெட்டில், மின்நிலையச் சாம்பல் கொட்டிய நிலத்தின்மேல் மெட்ரோ சென்டர் என்ற பிரம்மாண்டமான வணிக வளாகத்தைக் கட்டி 1986இல் திறந்தவர். கிளப்பின் கட்டுப்பாட்டுக்காகப் பழைய நிர்வாகக் குடும்பங்களோடு அவர் போராடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கீகன் வந்தார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1992இல் ராபர்ட் லீ. 1993 மார்ச்சில், அன்றைய கிளப் சாதனைத் தொகையான 17.5 லட்சம் பவுண்டுக்கு ஆண்டி கோல். 1995இல் 60 லட்சம் பவுண்டுக்கு லெஸ் ஃபெர்டினண்ட். 1996 ஜூலையில் ஒன்றரைக் கோடி பவுண்டு என்ற அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு ஆலன் ஷீரர். ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் துயரத்துக்குப் பின் வந்த 1990ஆம் ஆண்டு டெய்லர் அறிக்கை, நின்று பார்க்கும் படிக்கட்டுகளை ஒழித்து இருக்கைகளைப் போடச் சொன்னது. மைதானம் புதுப்பிக்கப்பட்டது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கி ஸ்கை தொலைக்காட்சியின் பணம் பாயத் தொடங்கியது. கீகன் வந்த நேரம் அப்படிப்பட்ட நேரம்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால் கூப்பர்–சிமான்ஸ்கி பக்கம் தராசு சாய்கிறது. இருந்தும் ஒரு தயக்கம். பணம் போட்ட கிளப்புகள் எல்லாம் 1992இல் முதல் 11 ஆட்டங்களை வென்றுவிடவில்லை. ஹால் பணம் போட்டதற்குக் கீகனும் ஒரு காரணம். ஸ்விண்டன் ஆட்டத்தன்று அவர் கிளம்பிப் போனது பணத்துக்காகத்தான். ஆகவே மேலாளரின் பங்கு சூனியம் என்பதும் சரியில்லை. முதலாளியின் பையைத் திறக்க வைக்கும் மனிதர் என்ற அளவில் அவர் பங்கு பெரிது. ரசிகர் நினைவு அந்த ஒரு பங்கை மட்டும் மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

பணத்தை மறக்க நகரத்துக்கும் காரணம் இருந்தது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று ஏழெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டைன் கரையின் புகழ்பெற்ற கப்பல் கட்டும் தளமான ஸ்வான் ஹன்டர் 1993 மே மாதத்தில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. டர்ஹம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கமான மங்க்வேர்மவுத் அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. சண்டர்லாந்து கிளப்பின் புதிய மைதானம் பிறகு அந்த இடத்தில்தான் எழுந்தது. நியூகாசில் மேலே ஏறிய அதே மாதம் வேலை கீழே இறங்கியது. கீகன் பிறந்தது யார்க்‌ஷயரில் என்றாலும் தந்தை சுரங்கத் தொழிலாளி, நியூகாசில் ரசிகர். 168 பேர் இறந்த 1909ஆம் ஆண்டு வெஸ்ட் ஸ்டான்லி சுரங்க விபத்தில் தப்பிய தாத்தா, மற்றவர்களை மீட்க மறுபடியும் கீழே இறங்கினார் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. சுரங்கம் போன ஊருக்குச் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளை வந்தான் என்ற கதை, வணிக வளாக முதலாளியின் முதலீடு என்ற கதையைவிட எளிதில் மனதில் ஒட்டும்.

5. மறக்கப்பட்டவர்கள்

நினைவேக்கத்துக்குத் தேர்வு விதிகள் உண்டு என்பதை நிரூபிக்க, அதில் இடம் கிடைக்காதவர்களைப் பார்த்தாலே போதும்.

கீகனுக்குப் பின் வந்த கென்னி டால்கிளிஷ் 1997இல் அணியை லீக்கில் இரண்டாம் இடத்தில் முடித்தார். 1998இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். அவர் பெயரைச் சொன்னால் ரசிகர்கள் தோளைக் குலுக்குவார்கள். இன்னும் கூர்மையான உதாரணம் கிறிஸ் ஹியூட்டன். 2009இல் நியூகாசில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. முதலாளி மைக் ஆஷ்லி கிளப்பை விற்பனைக்குப் போட்டிருந்தார். மேலாளர் நாற்காலி காலி. சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டத்தில் லேட்டன் ஓரியன்ட் என்ற சிறிய கிளப்பிடம் 6-1 என்று தோற்றார்கள். உதவியாளராக இருந்த ஹியூட்டன் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, 102 புள்ளிகளுடன், சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காமல், சாம்பியனாக அணியை மேலே ஏற்றினார். நொடித்த கிளப், புதிய மேலாளர், உயிர்ப்பு என எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. 2010 டிசம்பரில் அவரை நீக்கியபோது ரசிகர்கள் கொதித்தார்கள் என்பதும் உண்மை. மதித்தார்கள், கோபப்பட்டார்கள், ஆனால் ஏங்கவில்லை.

ஏன்? ஹியூட்டனின் வருகைக்குத் தேதி இல்லை. அவர் வாசல் வழியே ‘வரவில்லை’. ஏற்கெனவே உள்ளே இருந்தவர். கூட்டம் கூடி வரவேற்ற ஒரு சனிக்கிழமை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் கிளப்பை அது இருக்க வேண்டிய இடத்துக்கு மீட்டார், கீகன் கிளப் இதுவரை காணாத இடத்தைக் காட்டினார் என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு ஏற்கிறேன். ஆனால் 102 புள்ளிகளை ‘இருக்க வேண்டிய இடம்’ என்று எண்ணுவதே 1990களின் நினைவு கொடுத்த அளவுகோல்தான்.

கீகன் நினைவில் தோல்விக்கும் பெரிய இடம் உண்டு. 1996 ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னிலை. ஏப்ரல் 3 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 4-3 தோல்வி. அதே மாதக் கடைசியில் தொலைக்காட்சி நேரலையில் ஃபெர்குசனுக்கு எதிராக விரலை நீட்டி வெடித்த பேச்சு. பட்டம் மான்செஸ்டருக்குப் போனது. கோப்பை கிடைத்திருந்தால் அது ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். கிடைக்காததால் ‘அப்படி ஆகியிருந்தால்’ என்ற வாக்கியம் முப்பது ஆண்டுகளாகப் பேசித் தீரவில்லை. இன்னொரு எளிய காரணமும் உண்டு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவற்றை மனிதர்கள் வாழ்நாள் முழுதும் மிகுதியாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது உளவியல் நன்கு நிறுவியிருக்கும் செய்தி. 1992இல் பதினைந்து வயதாக இருந்தவர்கள் இன்று புத்தகம் எழுதும், பத்திரிகை நடத்தும் வயதில் இருக்கிறார்கள். நாம் படிப்பது அவர்களுடைய இளமையை.

6. நினைவேக்கம் விலைக்கு வந்தபோது

2008 ஜனவரி 16. கிளப்பை வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத ஆஷ்லி, சாம் ஆலர்டைஸை நீக்கிவிட்டுக் கீகனைத் திரும்ப அழைத்து வந்தார். மைதானத்தில் கொண்டாட்டம். நினைவேக்கத்தை அப்படியே உயிரோடு எழுப்பிப் பார்க்கும் பரிசோதனை இது. லீக்கில் முதல் வெற்றி மார்ச் 22 அன்று ஃபுல்ஹமுக்கு எதிராகத்தான் வந்தது. சீசன் 12ஆம் இடத்தில் முடிந்தது. செப்டம்பர் 4 அன்று கீகன் விலகினார். ஆட்டக்காரர்களை வாங்குவதிலும் விற்பதிலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று அவர் நம்பியிருந்தார். நிர்வாகம் அவருக்கு மேலே டென்னிஸ் வைஸ் என்பவரை உட்கார வைத்திருந்தது.

இந்த வழக்கு 2009இல் நடுவர் மன்றத்துக்குப் போனது. கீகனை வெளியேறும் நிலைக்குத் தள்ளியது கிளப்தான் என்று மன்றம் தீர்த்து, 20 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகையைவிட முக்கியமானது விசாரணையில் வெளிவந்த ஓர் ஒப்புதல். கடைசி வார்த்தை மேலாளருடையது என்று பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் கிளப் சொல்லிவந்தது உண்மையல்ல என்றும், தெரிந்தே திரும்பத் திரும்ப அப்படிச் சொன்னதாகவும் கிளப்பே ஒத்துக்கொண்டது. விளம்பரத்துக்காகச் சொன்னதாம். நினைவேக்கம் எப்படி வியாபாரப் பொருளாகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் கால்பந்து வரலாற்றில் அரிது. 1992இல் கீகனுக்குக் கிடைத்த அதிகாரத்தையும் பணத்தையும் எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் வாங்கியிருந்தார்கள். கீகன் விலகிய பிறகாவது பாடம் கற்றார்களா என்றால், 2009 ஏப்ரலில் கடைசி எட்டு ஆட்டங்களுக்கு ஷீரரை மேலாளராக அழைத்து வந்தார்கள். ஒரு வெற்றி, இரண்டு டிரா. மே 24 அன்று வில்லா பார்க்கில் 1-0 என்று தோற்று இறங்கினார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் இதே நாடகம் பெரிய செலவில் நடந்தது. 1999 ஐரோப்பிய இறுதியில் கடைசி நிமிடத்தில் கோல் அடித்த ஓலே குன்னார் சோல்ஷாயர், 2018 டிசம்பரில் தற்காலிக மேலாளராக வந்தார். முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. 2019 மார்ச் 28 அன்று பதவி நிரந்தரமானது. அந்த சீசனில் எஞ்சிய பத்து ஆட்டங்களில் இரண்டே வெற்றி. டச்சு ஆய்வாளர்கள் எழுதிய பாடத்துக்கு வரைந்த படம் போல இருந்தது. ஆனால் அந்த முதல் மூன்று மாதங்களைப் பற்றி மான்செஸ்டர் ரசிகர்கள் இன்றும் இளகிய குரலில் பேசுகிறார்கள்.

7. ரசிகர் தரப்பு

இதுவரை சொன்னதை வைத்து ரசிகர்கள் ஏமாளிகள் என்று முடித்துவிட்டால் அது அநியாயம். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் நினைவேக்கத்தை இரண்டாகப் பிரித்தார்: இழந்த வீட்டைத் திரும்பக் கட்டத் துடிப்பது ஒன்று, இழந்ததை இழந்ததாகவே வைத்து அசைபோடுவது மற்றொன்று. 2008இல் ஆஷ்லி விற்றது முதல் வகை. ரசிகர்களில் பலர் வாழ்வது இரண்டாவது வகையில். கீகன் திரும்ப வந்ததால் 1996 திரும்ப வராது என்பது மைதானத்தில் ஆர்ப்பரித்தவர்களுக்குத் தெரியாததல்ல.

அவர்கள் அசைபோடுவதும் வெறும் பிரமையல்ல. 1995 ஜனவரி. ஆண்டி கோலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றுவிட்டார்கள். முந்தைய சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 41 கோல் அடித்த பையன். கோபத்தோடு ரசிகர்கள் மைதான வாசலில் கூடினார்கள். கீகன் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். ஏன் விற்றேன் என்று அவர்களிடமே விளக்கினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார், நான் செய்தது தப்பென்றால் அதன் விலையை நானே கொடுப்பேன் என்ற தொனியில் பேசினார். அந்தப் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது. எதிரில் இருப்பவர்கள் சமாதானமாகவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அணியின் பயிற்சியும் அந்நாட்களில் டர்ஹமில் திறந்த மைதானத்தில் நடந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து வேலியோரம் நின்று பார்த்தார்கள். இன்று எந்தப் பெரிய கிளப்பின் பயிற்சிக்கூடத்துக்குள்ளும் அப்படி நுழைய முடியாது.

லீட்ஸ் ரசிகர்கள் மார்செலோ பியெல்சாவை நினைக்கும் விதமும் இதுதான். 2018இல் வந்தவர், ஒரு ரசிகர் டிக்கெட் வாங்க எத்தனை மணிநேரம் உழைக்க வேண்டும் என்று விசாரித்து, ஏறத்தாழ மூன்று மணிநேரம் என்று தெரிந்ததும், ஆட்டக்காரர்களை அத்தனை நேரம் குப்பை பொறுக்க வைத்தார். 2020இல் அணி பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. 2022 பிப்ரவரியில் தோல்விமேல் தோல்வியோடு நீக்கப்பட்டபோதும் நகரச் சுவர்களில் அவர் ஓவியங்கள் அழிக்கப்படவில்லை. இந்த மேலாளர்கள் ரசிகர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்களாகத் தங்களைக் கருதிக்கொண்டார்கள். சம்பளப் பட்டியலை வைத்து லீக் இடத்தைக் கணிக்கும் ஆய்வில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அந்தக் குறையை ரசிகர் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே என் வேறுபாடு இதுதான்: மேலாளர் அணியை மீட்டார் என்ற நினைவு பெரும்பகுதி பிழையானது. மேலாளர் எங்களோடு பேசினார் என்ற நினைவு பெரும்பகுதி சரியானது. முதலாவது இரண்டாவதன் தோளில் ஏறி வருகிறது.

8. 2021க்குப் பிறகு

2021 அக்டோபரில் சவுதி அரசின் முதலீட்டு நிதியம் தலைமையிலான கூட்டு, கிளப்பை வாங்கியது. நவம்பரில் எடி ஹவ் மேலாளரானார். அப்போது அணி லீக்கில் ஒரு வெற்றிகூடப் பெற்றிருக்கவில்லை. வருகைப் புராணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. ஆனால் ஹவின் முதல் சனிக்கிழமை அவருக்கே இல்லாமல் போனது: கோவிட் தொற்று உறுதியானதால் பிரென்ட்ஃபோர்டுடன் 3-3 என்று முடிந்த ஆட்டத்துக்கு அவரால் மைதானத்துக்கு வர முடியவில்லை. முதல் வெற்றி பதினைந்தாவது ஆட்டத்தில் பர்ன்லிக்கு எதிராக வந்தது. ஜனவரியில் டிரிப்பியர், கிமாரேஸ், வுட், பர்ன் என்று வரிசையாக வாங்கினார்கள். முதல் 14 ஆட்டங்களில் வெற்றியே காணாமல் பிரீமியர் லீக்கில் தப்பிய முதல் அணியாகி, 11ஆம் இடத்தில் முடித்தார்கள்.

இம்முறை பணத்தைக் கதையிலிருந்து கழிக்க வழியில்லை. ஓர் அரசின் செல்வம், அதன் மனித உரிமைப் பதிவு பற்றிய விவாதம் இரண்டும் முதல் நாளிலிருந்தே செய்தியில் இருந்தன. நினைவு இதை எப்படிக் கையாளும் என்பதை ஆராய இது நல்ல தருணம். சாட்சிகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், பதிவுகள் புதிதாக இருக்கின்றன. வாய்மொழி வரலாற்றாளர்கள் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் இப்போதே ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றால், கழித்தல் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை நேரிலேயே பிடித்துவிடலாம்.

என் கணிப்பு, ஹவ் வருகைக்காக அன்றிக் கோப்பைக்காக நினைக்கப்படுவார் என்பது. 2025 மார்ச் 16 அன்று வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று நியூகாசில் லீக் கோப்பையை எடுத்தது. 1955க்குப் பின் முதல் உள்நாட்டுப் பெரிய கோப்பை. முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் டான் பர்ன். பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்தவர், சிறுவயதில் இதே கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலிருந்து கழித்துவிடப்பட்டவர். 2022 ஜனவரியில் பிரைட்டனிடமிருந்து அவரைத் திரும்ப வாங்கியது சவுதிப் பணம்.